சதுரங்கப்பட்டினத்தில் பேசியது, நெல்கட்டும்செவலில் நடந்தது

பூலித்தேவரைப் பற்றிய மேடைப் பேச்சுகளிலும் வெகுசனப் புத்தகங்களிலும் 1755 என்கிற ஆண்டு வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் வருகிறது. வெள்ளைக்காரன் வரி கேட்டான், பாளையக்காரர் மறுத்தார், சண்டை தொடங்கியது. சரி. ஆனால் ஏன் 1755? அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அந்தப் பட்டாளம் ஏன் தெற்கே வரவில்லை? வந்திருக்க முடியாது, திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர்களோடு மாட்டிக்கொண்டு கிடந்தது. அதை அங்கிருந்து அவிழ்த்துவிட்டது ஒரு சமாதானம். 1754-ன் தொடக்கத்தில் செங்கல்பட்டுச் சீமையின் கடற்கரையில், சதுரங்கப்பட்டினத்தில், இரண்டு கம்பெனிகளும் பேச உட்கார்ந்து, முறிந்து, அந்த வருஷக் கடைசியில் புதுச்சேரியில் கையெழுத்தான சமரசம் அது. பாளையங்கள் மீதான போர் அந்தச் சமாதானத்தின் முதல் விளைவு என்பதே நான் இங்கே சொல்ல வருவது. நமது வீர வரலாறுகளும் சரி, பாடப்புத்தகத்தின் 'கர்நாடகப் போர்கள்' அத்தியாயமும் சரி, இந்த இரண்டையும் தனித்தனி அறைகளில் பூட்டி வைத்திருக்கின்றன.

எம்.ஏ. தமிழில் எங்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு இரண்டு மார்க் கேள்வி. 'இந்தியாவின் பெப்பிஸ்', பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடைக்கு எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். அவர் யாருக்குத் துபாஷியாக இருந்தார், எந்த யுத்தத்தின் வரவு செலவைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் 'இலக்கியம்' ஆகாது போலிருக்கிறது. தக்காணத்து சுபேதார் என்று தன்னை அறிவித்துக்கொண்ட முசாபர் ஜங், பிள்ளைக்குப் பட்டங்களோடு செங்கல்பட்டுக் கோட்டையின் தளபதிப் பொறுப்பையும் அந்தச் சீமையின் ஜாகீரையும் கொடுத்தார் என்பதைப் படிப்பை முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளை வாள் பிடித்தவரில்லை, வியாபாரி. அவரைக் கோட்டைத் தளபதி ஆக்குவது என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கோட்டைக்குக் கீழுள்ள ஏரிப் பாசன ஊர்களின் விளைச்சலில் ஒரு பங்கு கைமாறுகிறது என்று அர்த்தம். யுத்தத்தில் செங்கல்பட்டின் இடம் இதுதான். அது ஒரு பரிசுப்பொருள்.

யுத்தத்தின் கதையைச் சுருக்கிக்கொள்கிறேன். 1748-ல் ஹைதராபாத் நிஜாம் இறந்ததும் மகன் நாசர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுத் தகராறு. ஆற்காட்டில் அன்வருதீனுக்கும் சந்தா சாகிபுக்கும் தகராறு. இந்த இரண்டு தகராறுகளுக்குள்ளும் புதுச்சேரி கவர்னர் டூப்ளே நுழைந்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஓடி ஒளிய, அவரைத் தூக்கிப் பிடித்தது சென்னைக் கம்பெனி. நாசர் ஜங், முசாபர் ஜங் இருவரும் அடுத்தடுத்துச் செத்தார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் கத்தியில் உட்கார வைத்தார். 1752 ஜூனில் சந்தா சாகிபின் தலை தஞ்சாவூர்த் தளபதி மானோஜியின் ஆணையில் வெட்டப்பட்டது. ஐரோப்பாவில் அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போரே இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அரசுகளும் சமாதானமாக இருக்க, இரண்டு வியாபாரக் கம்பெனிகள் மட்டும் இங்கே ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கொண்டன. அதுவும் தங்கள் பெயரில் இல்லை, ஆளுக்கொரு நவாபின் பெயரில். பட்டாளத்திலும் பெரும்பகுதி சிப்பாய்கள். இரண்டு பக்கமும் செத்தவர்கள் நம்மூர் ஆட்கள்.

செங்கல்பட்டுக்கு யுத்தம் நேரடியாக வந்தது 1752 செப்டம்பரில். கோவளத்தையும் செங்கல்பட்டையும் பிடிக்க கிளைவ் வருகிறார். கூட 500 சிப்பாய்கள், லண்டன் தெருக்களில் பொறுக்கியெடுத்த 200 புது ஆட்கள். கோவளத்தில் முதல் குண்டுச் சத்தத்துக்கே இந்த வீரர்கள் சிதறி ஓடியதையும், ஒருத்தன் கிணற்றுக்குள் ஒளிந்திருந்து அடுத்த நாள்தான் கிடைத்ததையும் ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கோவளம் விழுந்தது, செங்கல்பட்டும் பணிந்தது. செங்கல்பட்டிலிருந்த பிரெஞ்சுக் காவற்படை ராணுவ மரியாதையோடு புதுச்சேரிக்கு நடந்துபோக அனுமதிக்கப்பட்டது. சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் கொளவாய் ஏரியை ஒட்டி இந்தக் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பார்கள். தண்டவாளமே கோட்டையை வெட்டிக்கொண்டுதான் போகிறது. ஒரு பக்கம் ஏரி, மற்றப் பக்கங்களில் அந்தக் காலத்தில் சதுப்பும் வயலும். அதைப் பிடிப்பவனுக்குப் பாலாற்று வழியும் சென்னைக்குப் போகிற பாதையும் கைக்குள் வரும்.

இனி சதுரங்கப்பட்டினம். பேரைக் கேட்டதும் சதுரங்க ஆட்டம், காய் நகர்த்தல் என்று உவமை எழுதக் கை வரும். அந்தச் சுலபத்தை விட்டுவிடுவோம். டச்சுக் கம்பெனியின் துணி வியாபாரத் தளம் அது. போரில் டச்சுக்காரர்கள் நடுநிலை. அதனால் அவர்களுடைய இடத்தில் 1754 ஜனவரியில் இரண்டு தரப்புத் தூதர்களும் கூடினார்கள். சென்னையிலிருந்து ராபர்ட் பாக், ஹென்றி வான்சிட்டார்ட். பாக் முதலில் கம்பெனியின் பாதிரியாக இருந்தவர். வான்சிட்டார்ட்டுக்கு இருபத்திரண்டு வயசுகூட ஆகியிருக்கவில்லை. பின்னாளில் முதலாமவர் சென்னைக்கும் இரண்டாமவர் வங்காளத்துக்கும் கவர்னர் ஆனார்கள். புதுச்சேரியிலிருந்து ஏசு சபையின் தலைமைப் பாதிரி லவோர், கவுன்சில் உறுப்பினர் போசே, டூப்ளேயின் உறவினர் கெர்ஜான். இந்தக் கெர்ஜான் 1752-ல் பாகூர்ச் சண்டையில் ஆங்கிலேயரிடம் கைதியாகப் பிடிபட்டவர். பிடித்தவனும் பிடிபட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுமளவுக்கு அவர்களுக்குள் ஒரு நாகரிகம் இருந்தது. எங்களூர் ஜனங்களிடம் அந்த நாகரிகத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆங்கிலேயர் போட்ட முதல் நிபந்தனை, முகமது அலியை ஆற்காட்டு நவாபாக ஒப்புக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் ராஜாவுக்கு அவர் ராஜ்ஜியம் உறுதி செய்யப்பட வேண்டும். பிரெஞ்சுக்காரர் போட்டது, சலாபத் ஜங்கைத் தக்காணத்து சுபேதாராக ஒப்புக்கொள்ள வேண்டும். கர்நாடகம் அவருக்குக் கட்டுப்பட்டது, அவர் அதை டூப்ளேயிடம் ஒப்படைத்துவிட்டார். முகமது அலிக்கு வேறெங்காவது ஒரு பதவி பார்த்துக் கொடுக்கலாம். ஆங்கிலேயருக்கு ஆறுதலாக, சென்னைக்குக் கட்டவேண்டிய நிலவாடகை ரத்து, பூந்தமல்லிச் சீமையும் அவர்களுக்கே. பூந்தமல்லியில் குடியிருந்தவர்களுக்கு இப்படியொரு பேரம் நடந்தது தெரிய வந்திருக்குமா?

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த மாநாட்டின் மையமாகத் தெரிகிறது. அவர்கள் சண்டை போட்டது காகிதத்தின் மேல். பிரெஞ்சுத் தரப்பு ஏழு சனதுகளை மேசையில் வைத்தது. இரண்டு முசாபர் ஜங் கொடுத்தவை, நான்கு சலாபத் ஜங் கொடுத்தவை, ஒன்று தில்லி பாதுஷாவிடமிருந்து வந்ததாகச் சொன்ன கடிதம். ஆங்கிலேயர் தங்களிடமும் நாசர் ஜங், காசியுதீன், பாதுஷா கொடுத்த சனதுகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவை திருச்சியில் இருக்கின்றன, கையில் கொண்டுவரவில்லை. எதிர்த்தரப்புக் காகிதங்களை நகலெடுக்க ஆரம்பித்தபோது தில்லிக் கடிதத்தின் முத்திரை விஷயத்தில் ஆங்கிலேயர்களுக்குச் சந்தேகம் வந்தது. உடனே பிரெஞ்சுக்காரர்கள் காகிதங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உங்களுடையதைக் காட்டாமல் எங்களுடையதை ஏன் நகலெடுக்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. ஒருத்தனிடம் போலியென்று சந்தேகிக்கப்பட்ட பத்திரம், இன்னொருத்தனிடம் வீட்டில் வைத்துவிட்டு வந்த பத்திரம். இதில் பேச்சு முறிந்தது.

இதை வெறும் கேலிக்கூத்தாகப் பார்க்கிற வாசிப்பு போதாது. தில்லி பாதுஷாவுக்கு அப்போது தன் அரண்மனைக்கு வெளியேகூட அதிகாரம் ஆட்டம் கண்டிருந்தது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அவருடைய முத்திரையைத் தேடினார்கள்? பீரங்கியால் பிடித்ததை உரிமையாக மாற்ற ஒரு மொழி தேவை. அந்த மொழியை அவர்கள் லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ கொண்டுவரவில்லை, இங்கே ஏற்கெனவே இருந்த அதிகாரத்தின் சொல்லாடலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சனது, ஜாகீர், திவானி எல்லாமே நம் பக்கத்துச் சொற்கள். காலனியம் ஏதோ வெளியிலிருந்து வந்து கவிழ்ந்த அந்நியப் பொருள், அதற்கு முன்னால் நாம் சுத்தமாக இருந்தோம் என்கிற கதையாடலுக்கு இந்த ஏழு காகிதங்கள் இடைஞ்சலானவை. விவசாயியிடமிருந்து விளைச்சலை எடுக்கும் உரிமையைக் காகிதத்தில் எழுதி ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்கலாம் என்பது கிளைவ் கண்டுபிடித்த விஷயமில்லை.

நான் ஒரு மழைக்காலத்தில் நண்பரோடு அங்கே போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். செங்கல் மதில், நீளமான கிடங்குகள், பூட்டிய கல்லறைத் தோட்டத்தில் மீன் செதில் மாதிரி நுணுக்கமாகச் செதுக்கிய டச்சு எழுத்துக் கல்லறைகள். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கல்பாக்கம். காவலுக்கிருந்தவரிடம் மாநாடு எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று கேட்டேன். "மாநாடா? கட்சி மாநாடுங்களா சார்?" என்றார். நண்பர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் கேட்டது நியாயம்தான். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது இந்தக் கடற்கரை முழுக்க வெள்ளையடிக்கப்பட்டதை அவர் ஞாபகமாகச் சொன்னார். பெரியவர்கள் பேச வந்தால் ஊருக்குத் தெரிவது வெள்ளையடிப்பும் போலீசும்.

ஊர் சொல்லாததை ஆனந்தரங்கப் பிள்ளையிடமாவது கேட்கலாமென்று பார்த்தால், அவருடைய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதிகள் 1753 டிசம்பரோடு ஒரு இடத்தில் நின்றுபோய், 1754 செப்டம்பரில்தான் மறுபடி தொடர்கின்றன. சதுரங்கப்பட்டினம் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஆக நமக்கு மிஞ்சுவது சென்னைக் கவுன்சிலில் உட்கார்ந்திருந்த ராபர்ட் ஆர்ம் 1763-ல் வெளியிட்ட வரலாற்றின் முதல் தொகுதியும் கம்பெனிக் கடிதங்களும். வென்றவனின் குமாஸ்தா எழுதியதை எதிர்த்திசையில் வாசிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சதுரங்கப்பட்டினத்தில் முடியாததை முடித்து வைத்தது பணம். போர் இரண்டு கம்பெனிகளையும் தின்றுகொண்டிருந்தது. 1753-லிருந்தே லண்டனில் இரு கம்பெனிகளின் ஆட்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனி டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டு கொதெயு என்பவரை அனுப்பியது. 1754 ஆகஸ்டில் அவர் புதுச்சேரியில் இறங்கினார். அக்டோபரில் டூப்ளே கப்பலேறினார், அதே மாதம் மூன்று மாதப் போர்நிறுத்தம். டிசம்பர் கடைசியில் கொதெயுவும் சென்னை கவர்னர் சாண்டர்சும் தற்காலிக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1755 ஜனவரி 11-லிருந்து பதினெட்டு மாதப் போர்நிறுத்தம்.

ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து படிக்க அழகாக இருக்கும். இரண்டு கம்பெனிகளும் 'மூர்' அதிகாரப் பதவிகளையும் ஆட்சியையும் என்றென்றைக்குமாகத் துறக்கின்றன. நாட்டு அரசர்களின் தகராறுகளில் இனித் தலையிடமாட்டா. கடற்கரையில் யாருக்கு எந்தத் துறைமுகம் என்று பின்னால் வருகிற ஷரத்துகள் பிரிக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து ஒப்புதல் வரும்வரை அவரவர் கையிலிருப்பது அவரவருக்கே. இந்தக் கடைசி வாசகத்தில்தான் உயிர் இருக்கிறது. ஆர்ம் தரும் கணக்கில், போரினால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நிலங்களின் ஆண்டு வருமானம் சுமார் 68 லட்சம் ரூபாய், ஆங்கிலேயர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம். என்றென்றைக்கும் துறப்பது முதல் ஷரத்தில்; அதுவரை வசூல் செய்துகொள்வது பின்னால். ஒப்புதல் வரவே இல்லை. 1756-ல் ஐரோப்பாவிலேயே போர் தொடங்கிவிட்டது. கையெழுத்துப் போட்ட இருவருமே 1755-ன் முதல் இரண்டு மாதங்களுக்குள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

திருச்சிக்கு வெளியே மைசூர் தளவாய் நஞ்சராஜன் காத்துக்கொண்டிருந்தார். முகமது அலி, உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று அவருக்கு வாக்களித்து, காரியம் முடிந்ததும் கைவிரித்தவர். அதில் ஆத்திரப்பட்டுத்தான் மைசூர்க்காரர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார். 1754-ல் கோவிலடிப் பக்கம் காவிரிக் கரையை வெட்டித் தஞ்சாவூருக்குப் போகிற தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிற அளவுக்கு அந்தக் கூட்டணி போனது. (படையெடுப்பில் செத்தவர்களைக் கணக்கெடுக்கிறோம்; தண்ணீர் வராத வயலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.) இத்தனை பணத்தைக் கொட்டிய நஞ்சராஜனை யாரும் ஒப்பந்தத்துக்குக் கூப்பிடவில்லை. இது என்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிக்கொண்டு சீரங்கத்தில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தார். 1755 ஏப்ரலில், சலாபத் ஜங்கும் புஸ்ஸியும் கப்பம் கேட்டு மைசூருக்குள்ளேயே நுழைந்ததால், ஊருக்குத் திரும்பினார். கூட்டாளியின் ஊரைக் கொள்ளையிடப் போனது கூட்டாளியின் பட்டாளம். தலையிடாமை என்கிற ஷரத்தின் மை காய்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை.

ஆங்கிலேயர்கள் நாலு மாசம்கூடப் பொறுக்கவில்லை. 1755 பிப்ரவரியில், அதாவது போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதம், கர்னல் ஹெரோன் தலைமையில் 500 ஐரோப்பியரும் 2000 சிப்பாய்களும் திருச்சியிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். சிப்பாய்களுக்குத் தலைவர் யூசுப் கான். காரணம் சுலபமானது: மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் நவாபுக்குச் சொந்தம், பாளையக்காரர்கள் நவாபின் குடிகள், குடியிடம் பாக்கி வசூலிப்பது 'அரசர்களின் தகராறு' ஆகாது. சதுரங்கப்பட்டினத்தில் எந்தக் காகிதத்தைக் காட்ட முடியவில்லையோ அந்தக் காகிதத்தின் பெயரால் நெல்கட்டும்செவலுக்குப் பீரங்கி போனது. பூலித்தேவர் பணம் கட்டவில்லை; சோறு தீர்ந்துபோன பட்டாளம் கோட்டையை விட்டுத் திரும்பியது. வீரவரலாற்றுக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே பயணத்தில் திருநெல்வேலிக்குத் தெற்கே நெல்லிக்கோட்டை என்ற சின்னக் கோட்டையில் பெண்கள் குழந்தைகள் உட்பட 400 பேர் வரை இருந்ததாகவும் ஆறு பேர்தான் உயிர் தப்பியதாகவும் ஆர்ம் எழுதுகிறார். பாகூரில் கைதியானவர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி கிடைத்தது. அந்த நாகரிகம் நெல்லிக்கோட்டை வரை வரவில்லை.

மதுரை பக்கம் கோவில்குடியில் ஹெரோனின் ஆட்கள் கோவிலைச் சூறையாடிச் செப்புத் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டார்கள். 5000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருவதாக ஏலம் பேசினார்கள். யாரும் கொடுக்கவில்லை. விக்கிரகங்களை மூட்டைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மே மாதக் கடைசியில் நத்தம் கணவாயில் வரும்போது கள்ளர்கள் மறித்தார்கள். 'சாமி, சாமி' என்று கத்திக்கொண்டே பாய்ந்து வெட்டியதாக ஆர்ம் சொல்கிறார். சாமிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹெரோனை ராணுவ நீதிமன்றம் விசாரித்துப் பதவி நீக்கியது, பணத்தில் கைவைத்ததற்காக.

பிரெஞ்சுக்காரர்கள் யோக்கியர்களா என்றால், அதுவும் இல்லை. ஆங்கிலேயர் தெற்கே போனது ஒப்பந்த மீறல் என்று புகார் செய்தார்கள். அதே 1755-ல் துறையூர்ப் பாளையத்தின் மீது தாங்களும் படையெடுத்தார்கள். அரியலூர், உடையார்பாளையம் காடுகளிலும் கப்பம் கேட்டு நுழைந்தார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் கண்டிப்பதும், பிறகு தானும் செய்வதும் ஒப்பந்தத்தின் பகுதிதான் என்று தோன்றுகிறது. போட்டியாளரைச் சுட வேண்டியதில்லை என்றானதும் இருவருடைய துப்பாக்கிகளும் உள்நாட்டுப் பக்கம் திரும்பின.

இதைக் கேட்ட ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். "அந்த மேசையில் நம்ம ஆள் ஒருத்தன் உட்கார்ந்திருந்தா நிலைமை மாறியிருக்குமில்ல? 1962-ல் எவியானில் அல்ஜீரியாக்காரன் உட்கார்ந்தானே" என்றார். எவியானில் உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால் ஏழெட்டு வருஷ விடுதலைப் போர் இருந்தது. சதுரங்கப்பட்டினத்தில் உட்கார வேண்டிய 'நம்ம ஆள்' யார்? முகமது அலியா? தஞ்சாவூர் பிரதாப சிங்கா? இங்கிலீஷ்காரனுக்கு அரிசி அனுப்பிக்கொண்டிருந்த புதுக்கோட்டைத் தொண்டைமானா? ஆனந்தரங்கப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் செங்கல்பட்டு ஜாகீரைப் பற்றிப் பேசியிருப்பார், அதில் உழுதவனைப் பற்றி இல்லை. 'நாம்' என்று ஒன்று 1754-ல் தயாராகக் காத்திருக்கவில்லை.

ஆனால் தோழரின் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். போர் யாருடைய மண்ணில் யாருடைய பெயரில் நடந்ததோ அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அக்டோபரில் அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் போரைத் தொடங்கியது. இதையும் 1755-ஐயும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஈழத்தில் ஒரு மக்கள் கோரிக்கை இருந்தது, ஒரு போராட்டம் இருந்தது, அதற்குள்ளேயே தன் மக்களைக் கொன்ற கதைகளும் இருந்தன. ஆனால் வரிசை ஒன்றுதான்: இரண்டு பெரியவர்கள் சமாதானம் செய்கிறார்கள், மூன்றாவது மாதமோ அடுத்த மாதமோ மேசைக்கு வராதவன் வீட்டு வாசலில் பட்டாளம்.

செங்கல்பட்டுக் கதையை முடிக்க வேண்டும். 1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது செங்கல்பட்டுக் கோட்டையிலிருந்து கேப்டன் பிரஸ்டனும் யூசுப் கானும் வெளியே வந்து வந்து அவர் முதுகில் குத்திக்கொண்டேயிருந்தார்கள். சென்னை தப்பித்ததில் இந்தக் கோட்டைக்குப் பெரும் பங்கு. 1760-ல் வந்தவாசி, 1761-ல் புதுச்சேரி வீழ்ச்சி. 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை. அதன் பதினோராவது ஷரத்து: முகமது அலி கர்நாடகத்தின் முறையான நவாப், சலாபத் ஜங் தக்காணத்தின் முறையான சுபேதார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சதுரங்கப்பட்டினத்தில் எந்த இரண்டு பேருக்காகப் பேச்சு முறிந்ததோ, அதே இரண்டு பேரும் ஆளுக்கொரு வரியில்! இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். இடையில் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்? இன்னொரு வேடிக்கை, பாரிசில் முறையானவர் ஆக்கப்பட்ட சலாபத் ஜங்கை முந்தின வருஷமே அவர் தம்பி நிஜாம் அலி சிறையில் போட்டிருந்தார். 1763-லேயே அவர் கொல்லவும்பட்டார். டூப்ளேயும் கடனாளியாகப் பாரிசில் அதே வருஷம் செத்தார். அந்த உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சு உதவிக்கு வழியில்லாமல் போன யூசுப் கான், மதுரையில் தனியாக நின்று, கூட இருந்தவர்களால் பிடித்துக் கொடுக்கப்பட்டு 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். நம் கூத்துக்காரர்கள் அவருக்குக் 'கான்சாகிபு சண்டை' பாடினார்கள்.

அந்த 1763-ல்தான் முகமது அலி, பட்ட கடனுக்கும் நன்றிக்குமாகச் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். நம்ப முடியாத விஷயம் என்னவென்றால், கம்பெனி அதை வாங்கி அவருக்கே குத்தகைக்கு விட்டது. காகிதத்தில் உடைமை ஒருவனுக்கு, வசூல் இன்னொருவனுக்கு, விளைச்சல் மூன்றாமவனுடைய உழைப்பு. 1767-லிருந்து பார்னார்டு இந்த ஜாகீர் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்தார். 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பு இந்த ஊர்களைக் காலி செய்தது. 1790-களில் கலெக்டர் லயனல் பிளேஸ் மிராசுதாரர்களோடு மல்லுக்கட்டினார். இந்த அளவைகளிலும் மல்லுக்கட்டிலும் நிலத்துக்குரியவர் யாரென்று ஓயாமல் கேட்டார்கள். உழுதுகொண்டிருந்த பறையர்கள் அந்தக் கேள்விக்குள் வரவே இல்லை. அவர்கள் நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டவர்கள்.

அவர்களை ஒரு கலெக்டரின் அறிக்கை கவனிக்க இன்னும் நூறு வருஷம் ஆனது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்கீர் எழுதிய குறிப்புகளை ஒட்டி, 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. தலித்துகளுக்கு ஒதுக்கிய நிலம், மற்றவர்களுக்கு விற்க முடியாது என்று எழுதியிருந்தது. பிறகு அந்த நிலங்கள் எப்படியெப்படியோ பிறர் பெயர்களுக்குப் போயின. மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடைப்பட்ட காரணையில் மக்கள் 1994-ல் அந்தப் பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். காரணைக்காரர்கள் அன்றைக்கு நிலப் பதிவேடுகளின் நகல்களைக் கையில் வைத்திருந்தார்கள் என்றால், 1754-ல் பாக்கும் வான்சிட்டார்ட்டும் கொண்டுவராமல் போன ஆவணத்தைவிட அவை எவ்வளவோ தெளிவானவை. முத்திரை விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்புகிற பஸ் திருக்கழுக்குன்றத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். காரணை எந்தப் பக்கம் என்று நடத்துனரிடம் கேட்டேன். கையை நீட்டிக் காட்டிவிட்டு, "அங்க என்ன சார் வேலை, நிலம் பாக்க வந்தீங்களா?" என்றார்.